காய்கறிச் செலவு

ஜூன் 3, சனி

இன்று எங்கள் கடைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். உள்ளங்கை அகல நீலப் பெட்டிக்குள் குடியிருக்கிறாள். யாராவது போனைக் காட்டிப் பணம் அனுப்பினால், “நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். சோறு கேட்கமாட்டாள், எதிர்த்துப் பேசமாட்டாள். இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார். தென்காசியில் நயினார் ஸ்டோர்ஸ் என்ற மளிகைக்கடையின் முதலாளி, வியாபாரிகள் சங்கத்தின் பொருளாளர். சங்கக் கூட்டத்தில் யாரோ வந்து படம் போட்டுக் காட்டினார்களாம், இனிமேல் ரொக்கம் வாங்குகிறவன் காட்டுமிராண்டி என்று. அன்றைக்கே இவர் நாகரிகம் அடைந்துவிட்டார்.

நல்ல நேரம் பார்த்து, கட்டம் கட்டமாக இருக்கிற அந்த அட்டையைக் கல்லாவின் முன்னால் ஒட்டி, தேங்காய் உடைத்து, நாலு மூலையிலும் சந்தனம் வைத்தார். சந்தனம் மறைத்ததால் எந்தப் போனும் அதைப் படிக்கவில்லை. பிறகு ஈரத்துணியால் துடைத்தார். பக்கத்திலேயே “இங்கு ரொக்கம் வாங்கப்படாது” என்று ஒரு பலகை. தீப்பெட்டி கேட்டு நாணயத்தை நீட்டிய ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, “சில்லறைத் தகராறு இன்னையோட ஒழிஞ்சுது உலகு” என்றார். உலகு என்பது நான். உலகம்மாள்.

இந்த டைரி ஒரு சோப்புக் கம்பெனி கொடுத்தது. ஜனவரியிலிருந்து மே வரை வெறும் தாள். எழுதுகிற அளவுக்குக் கோபம் இதுவரை சேரவில்லை.

ஜூன் 5, திங்கள்

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கல்லாவில் நான்தான் உட்காருவேன். இவர் பின்கட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எனக்கு யாரும் சம்பளம் பேசவில்லை. அதனால் நானே பேசிக்கொண்டேன். ஒரு நாள் இருபது, ஒரு நாள் நாற்பது. இதற்குச் சிறுவாடு என்று பெயர். திருட்டு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

இத்தனை வருடச் சிறுவாட்டில் கல்யாணம், காய்ச்சல், மகனுடைய காலேஜ் என்று எவ்வளவோ போய்விட்டது. இப்போது இருப்பது பரணில், கைப்பிடி உடைந்த குக்கருக்குள், நாற்பத்தெட்டாயிரம். ஐம்பத்தைந்தாயிரம் வேண்டும். எதற்கு என்றால், பல்லுக்கு.

மேல்வரிசையில் இடது பக்கம் மூன்று பல் இல்லை. போன வருடம் பங்குனியில் பிடுங்கினார்கள். கழற்றி மாட்டுகிற செட் நாலாயிரத்துக்குக் கிடைக்கும்தான். ஆனால் நான் பேசுகிற வேகத்துக்கு அது எதிரே நிற்கிறவர் மடியில் விழும். எலும்பில் திருகி வைக்கிற பல் வேண்டும். எனக்கென்று நான் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். இவருக்குத் தெரியாது. கேட்டால், “ஒங்க அம்மை பொக்கை வாயோட முறுக்குத் திங்கலியா?” என்பார். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 8, வியாழன்

இன்று என் இரண்டு மணி நேரத்தில் கல்லாவில் கிடைத்தது: ஒரு குண்டூசி, இரண்டு ரப்பர் பேண்டு. பெட்டிக்காரி மட்டும் விடாமல் கத்தினாள்.

ஜூன் 12, திங்கள்

வீட்டுச் செலவுக்கு மாதா மாதம் எண்ணிக் கொடுக்கிற பணமும் நின்றுபோனது. என் போனிலும் அந்த வசதியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறது. மெசேஜ் மட்டும் இவர் போனுக்கு வருகிறது.

காலையில் பூக்காரியிடம் முப்பது ரூபாய்க்குப் பிச்சிப்பூ வாங்கினேன். முடிந்து தலையில் வைப்பதற்குள் போன்.

“முப்பது ரூவா எதுக்கு?”

“பூ.”

“நேத்து வாங்குனது?”

“நேத்துதான் வாடிட்டு.”

பாக்கு வாங்கினால் போன். கோயில் வாசலில் செருப்பை விட்டால் போன். முன்பெல்லாம் காலையில் கடைக்குப் போனால் மதியம் வரை என் நினைப்பே இவருக்கு வராது. இப்போது மணிக்கொரு தரம் விசாரிக்கிறார். புதுமாப்பிள்ளையாக இருந்தபோது இதில் பாதி விசாரித்திருந்தால் போதும்.

ஜூன் 16, வெள்ளி

எதிர்வீட்டு மைமூன் அக்கா ஒரு மகான். அவள் வீட்டுக்காரர் செருப்புக்கடை வைத்திருக்கிறார். அவரும் சங்கத்தில் நாகரிகம் அடைந்தவர்தான். இன்று காய்கறி வண்டிப் பக்கம் என்னை ஓரம் கட்டினாள்.

“உலகு, கையில ரொக்கம் இருக்கா?”

“எங்கக்கா இருக்கு? பிள்ளையாருக்கு ஒரு ரூவா போட வழியில்ல.”

“அப்ப பேச்சிகிட்ட காய் வாங்கு. நூத்தி இருவதுக்கு வாங்கிட்டு போன்ல எரநூறு போடு. மிச்சத்தை அவ ரொக்கமா தருவா. ஒன் வீட்டுக்காரருக்கு எரநூறுக்குக் காய்னுதான் மெசேஜ் போவும்.”

வண்டிக்காரி பேச்சி தராசைத் துடைத்தபடி, “ஒரே ஒரு கண்டிசன்க்கா” என்றாள். “காயப் பொறுக்கக் கூடாது. நான் அள்ளிப் போடுறதுதான். முத்தல், சொத்தைன்னு வாயத் தொறக்கப்பிடாது. அதான் என் கமிசன்.”

தெருவில் பத்து வீட்டுப் பெண்களும் ஏன் கொஞ்ச நாளாக வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறார்கள் என்று இன்றுதான் விளங்கியது. ஏதோ பொறுமை வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மிச்சப் பணம் கறிவேப்பிலைக் கொத்துக்குள் சுருட்டி வந்தது. எண்பது ரூபாய். கறிவேப்பிலை இவ்வளவு வாசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 17, சனி

வெண்டைக்காய் முற்றல். இவர் மென்றுகொண்டே இருந்தார். எனக்கு மெல்லுகிற கவலை இல்லை, ரசம் போதும்.

ஜூன் 26, திங்கள்

இவர் சங்கத்துக்குப் போனதும் பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இடம் காலியாகவே கிடந்தால் எலும்பு கரைந்துகொண்டே போகுமாம். “ஆடி முடியறதுக்குள்ள வந்துருங்கம்மா. அப்புறம்னா எலும்பு வச்சுக் கட்டணும், செலவு ரெண்டு மடங்கு” என்றாள்.

வழியில் ஒரு ஸ்டுடியோ வாசலில் கல்யாணப் படங்கள். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நான் ஒன்றும் நின்று பார்க்கவில்லை, மழைக்கு ஒதுங்கினேன்.

ஜூலை 2, ஞாயிறு

காப்பி குடிக்கும்போது இவர் போனை நீட்டினார். வட்டமாக ஒரு படம், பல வண்ணத்தில் துண்டு போட்டிருந்தது. வீட்டுச் செலவாம். போனே போட்டுக் கொடுக்கிறதாம். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே பச்சை.

“பச்சை என்னது தெரியுமா? காய்கறி! ஏளா, நீ வெண்டைக்காய் வாங்குதியா, வெள்ளி வாங்குதியா? வீட்ல நாம ரெண்டு பேரு. மாடு ஏதும் வளக்கியா?”

“வெலவாசி அப்படி.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்” என்றார். கோபமே இல்லை. கண் பளபளவென்று இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “மைமூன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அங்கயும் இதே கதி. கூட்டத்துல எல்லாரும் போனத் திறந்து பாத்தோம். தெருப் பூரா பச்சைதான். அதுவும் எப்படிப்பட்ட காயி? கத்திரிக்காய்ல பாதி சொத்தை.”

பிறகு ஒரு காகிதத்தில் பெருக்கல் போட ஆரம்பித்தார்.

ஜூலை 4, செவ்வாய்

பெருக்கலுக்கு விடை வந்துவிட்டது. நயினார் ஃப்ரெஷ். கடையிலேயே ஒரு காய்கறிப் பிரிவாம்.

மட்டமான காய்க்கே இந்தத் தெரு இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறதென்றால், முதல் தரமான காயைக் குறைந்த விலைக்குப் போட்டால் எப்படி இருக்கும்? யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உண்மை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கிறது. இரும்பு அடுக்கு, தண்ணீர் தெளிக்கிற மிஷின், பச்சை விளக்கு, பெயர்ப் பலகை. அறுபதாயிரம் ஆகும். பல்லுக்கு ஆவதைவிட ஐயாயிரம் கூட.

“வேண்டாங்க” என்றேன்.

“ஏன்?”

“நமக்கு அழுகல் சரக்குப் பழக்கமில்ல.”

“ஒனக்கு வியாபாரம் தெரியாது. இது டேட்டா.”

மைமூன் அக்கா வீட்டுக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

“நீ சொன்னா ஒன் வீட்டோட நிக்குமா? ஒன் வீட்டுக்காரரு சங்கத்துல சொல்லுவாரு. பத்து வீட்டுப் பொம்பளைக்கும் கை ஒடைஞ்சுரும். அந்தக் கீழ்வீட்டுப் பிள்ள, அவ புருசன் குடிக்கான்ல, அவளுக்குக் கையில காசு இருக்கிறதே இதுலதான். நஷ்டம்னா ஒன் கடைக்கு மட்டும்தான உலகு. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். அவர் நஷ்டத்தையும் யோசித்தேன், என் பல்லையும் யோசித்தேன். பல்லைத்தான் அதிகம் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஜூலை 9, ஞாயிறு

திறப்பு விழா. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் சரக்கு வந்து இறங்கியது. கேரட் எல்லாம் கழுவிக் குளிப்பாட்டி, விளக்கு வெளிச்சத்தில் மணப்பெண் மாதிரி நின்றது. தெருவே திரண்டு வந்தது.

வந்த பெண்கள் ஆசை தீரப் பொறுக்கினார்கள். ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த ஆசையல்லவா. ஒவ்வொரு வெண்டைக்காயின் நுனியும் ஒடிந்தது. ஒவ்வொரு முருங்கைக்காயும் முறுக்கப்பட்டது. முழுசாக முக்கால் மணி நேரம் பொறுக்கிவிட்டு, மைமூன் அக்கா பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினாள். “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்றாள் பெட்டிக்காரி. அவள் குரலிலேயே ஏமாற்றம் தெரிந்தது.

ஜூலை 14, வெள்ளி

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறதாம். இங்கேயும் நாள் முழுக்கச் சாரல். தக்காளிக்கு அது ஆகாது.

விற்காததெல்லாம் வீட்டுக்கு வருகிறது. காலையில் கேரட் பொரியல், மதியம் கேரட் சாம்பார், சாயங்காலம் கேரட் அல்வா. பேச்சியிடமும் வழக்கம்போல இருநூறு போடுகிறேன். ஆக இப்போதுதான் நாங்கள் நிஜமாகவே மாடு வளர்க்கிற அளவுக்குக் காய் வாங்குகிறோம்.

ஜூலை 18, செவ்வாய்

காலையில் இவரைக் கடையில் காணவில்லை. கரண்டுக் கம்பத்துக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, பேச்சி வண்டியை வேவு பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“ஏளா, இந்தத் தெருப் பொம்பளைகளுக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டு.”

“என்ன ஆச்சு?”

“அந்த மைமூன் நம்ம கடையில தக்காளி ரெண்டு ரூவா கூடன்னு என்கூடச் சண்டை போட்டாளா இல்லியா? அதே மைமூன், அழுகிப்போன கத்திரிக்காய வாங்கிட்டு ஒரு வார்த்தை கேக்காம எரநூறு போடுதா! சிரிச்சுக்கிட்டே போடுதா! அவ பின்னால ஒருத்தி, அதுக்குப் பின்னால ஒருத்தி. என் கண்ணால பாத்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “வசியம் எதும் வச்சிருப்பாளோ?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே அழுகிய தக்காளிக் கூடை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது, சொல்லிக்கொள்ளக் கூசினாலும்.

ஜூலை 21, வெள்ளி

வசியத்துக்கு இவர் மருந்து கண்டுபிடித்துவிட்டார். நகராட்சிக்கு மனு. பேச்சியின் வண்டி தெருவை அடைக்கிறது, போக்குவரத்துக்கு இடைஞ்சல், உடனே அப்புறப்படுத்த வேண்டும். எங்கள் தெருவில் போக்குவரத்து என்றால் இரண்டு சைக்கிளும் ஒரு நாயும்தான். சங்கத்தின் முத்திரையைப் போட்டு, பதினோரு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அதில் மைமூன் வீட்டுக்காரர் கையெழுத்தும் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்கிறாராம்.

பேச்சி போனால் வண்டியோடு எல்லாம் போகும். என் பல் போகும், கீழ்வீட்டுப் பிள்ளையின் காசு போகும், பேச்சிக்கோ சோறே போகும்.

பெட்டிக்காரி போல நானும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஜூலை 22, சனி

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். மனு மேஜையில் இருந்தது.

“அதைக் கிழிச்சுப் போடுங்க” என்றேன்.

“என்னத்துக்கு?”

“பேச்சி காய்க்கு எரநூறு வாங்கல. நூத்தி இருவதுதான் வாங்குதா. மிச்சத்தை எனக்கு ரொக்கமாத் திருப்பித் தாரா.”

அவருக்குப் பிடிபடவே சிறிது நேரம் ஆனது. போனைத் திறந்தார், மூடினார். பிறகு, “எத்தன நாளா?” என்றார்.

“அவகிட்ட ஒரு மாசமா. அதுக்கு முன்ன கல்லாவுல.”

“நம்ம கல்லாவுலயா? எப்ப இருந்து?”

“கல்யாணம் ஆனதுல இருந்து.”

நாற்காலி கீழே விழுகிற மாதிரி எழுந்தார். “அறுவதாயிரம்ளா! நான் அறுவதாயிரத்தைத் தண்ணில கொட்டியிருக்கேன்! ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

வேண்டாம் என்றேன், நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை. அது உண்மைதான்.

“அப்ப மத்த வீடு? மைமூன், கீழ்வீடு, எல்லாமே…”

“மத்த வீட்டுக் கதை எனக்குத் தெரியாது. நான் என் கதையைச் சொல்லுதேன்.”

“எனக்குத் தெரியாம ஒனக்கு அப்படி என்னளா செலவு? சோறு போடலியா, துணி எடுக்கலியா?”

வாயைத் திறந்து காட்டினேன். உதட்டை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் நின்று, டாக்டரம்மாவிடம் காட்டுகிற மாதிரி நன்றாகவே காட்டினேன். கிட்ட வந்து பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது எப்ப?”

“போன வருசம் பங்குனி.”

“போன வருசமா? நான் இங்கதான இருந்தேன்?”

“ஆமா. இருந்தீக.”

எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன், எதுவும் தேவைப்படவில்லை. அவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கடைப்பக்கம் பெட்டிக்காரி என்னவோ பெறப்பட்டதாகக் கத்தினாள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சொல்லியிருந்தா போன்லயே போட்டு விட்டிருப்பேன்லா” என்றார்.

“போட்டு விட்டிருப்பீக. மெசேஜ் வந்திருக்கும். பல்லுக்கு எதுக்கு இவ்வளவுன்னு போனும் வந்திருக்கும்.”

ஜூலை 25, செவ்வாய்

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மனு நேற்றே அடுப்பங்கரையில் பொரிகடலை கட்டுகிற காகிதமாகிவிட்டது. அவரேதான் கொண்டுவந்து போட்டார். நயினார் ஃப்ரெஷ் அடுக்கில் இப்போது சோப்பும் துடைப்பமும். பச்சை விளக்கு இன்னும் எரிகிறது.

சங்கத்தில் இவர் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? சொன்னால் தன் வீட்டுக் கதையும் சேர்ந்துதானே வெளியே வரும். “காய்கறி நமக்குச் சரிப்படல” என்று மட்டும் சொன்னாராம். மைமூன் அக்கா சுவரோரமாக வந்து என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஜூலை 31, திங்கள்

பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு இவரும் வந்தார்.

ஊசி போட்டு, மூன்று இடத்தில் துளை போட்டு, திருகு வைத்தார்கள். பல் வர இன்னும் சில மாதம் ஆகும். வெளியே வந்து பணம் கட்டுகிற இடத்தில் நின்றேன். வாய் பாதி மரத்துக் கோணிக்கொண்டு இருந்தது.

“கார்டாம்மா, போனா?” என்றது அங்கிருந்த பெண்.

“ரொக்கம்” என்று மஞ்சள் பையை மேஜையில் வைத்தேன். ஐம்பத்தோராயிரம். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, சில நோட்டில் இன்னும் கறிவேப்பிலை வாசம். அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள்.

இவர் போனை எடுத்தார். “இந்தா, மொத்தத்தையும் நான் போட்டு விடுதேன் உலகு. அந்த ரொக்கத்தை நீயே வச்சுக்கோ.”

மனதாரத்தான் சொன்னார். இந்த வார்த்தையை இரண்டு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. இன்று தலையை ஆட்டினேன்.

“வேண்டாம். இது நானே வாங்குத பல்லு.”

“மிச்சம் நாலாயிரம்?”

“பல்லு வைக்க வரும்போது தாரேன்.”

எங்கிருந்து என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, என் பக்கத்தில் நின்று, அந்தப் பெண் நோட்டுகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசீதில் என் பெயரை முழுசாகப் போட்டார்கள்.

ஆட்டோவில் வரும்போது ரோட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்தபடி வந்தார். திட்டுகிற வேகத்துக்கு நாக்கு புரளவில்லை. தெரு திரும்புகிற இடத்தில், “வலிக்கா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு, ஆமாம் என்று ஆட்டினேன்.